தலைநகரின் வானத்தைக் காத்தவர்: ஹியூ டவுடிங்

ஒரு நாட்டின் தலைநகரைத் தரைவழியே தாக்க வருபவன் எல்லையைக் கடக்க வேண்டும், வழியில் நிற்கும் படைகளை வெல்ல வேண்டும். வான்வழியே வருபவனுக்கு இவை எதுவும் தடையில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் தலைக்கு மேல் நேராக வந்துவிட முடியும். இந்த உண்மையை லண்டன் நகரம் முதல் உலகப் போரிலேயே அறிந்துகொண்டது. 1917 ஜூன் 13 அன்று பட்டப்பகலில் ஜெர்மனியின் கோத்தா விமானங்கள் லண்டன் மீது குண்டு வீசின. 162 பேர் உயிரிழந்தனர். கிழக்கு லண்டனின் பாப்லர் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தின் மீது விழுந்த குண்டு 18 குழந்தைகளைக் கொன்றது.

அதன் பிறகுதான் தலைநகரின் வானத்தைக் காப்பதற்கென்றே தனியாக ஓர் அமைப்பு உருவானது. லண்டன் வான் பாதுகாப்புப் பகுதி என்று அதற்குப் பெயர். எட்வர்ட் ஆஷ்மோர் என்ற தளபதியின் பொறுப்பில் பீரங்கிகள், தேடுவிளக்குகள், பலூன்கள், போர் விமானங்கள், தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் ஒரே கையின் கீழ் வந்தன. அந்த விதையிலிருந்து வளர்ந்ததுதான் 1936இல் பிறந்த போர் விமானக் கட்டளையகம். அதன் முதல் தலைமைத் தளபதி ஹியூ டவுடிங்.

சர்ச்சிலின் பெயரை அறியாதவர்கள் இல்லை. அந்தச் சர்ச்சிலிடமே முடியாது என்று சொன்ன டவுடிங்கை நம் பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒன்றை, கேட்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் வீணாக்கக் கொடுக்க மறுத்தவர் அவர். அதற்கான விலையையும் கொடுத்தவர். ஆகவே அவரது வாழ்வை நாம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஆசிரியரின் மகன்

டவுடிங் 1882 ஏப்ரல் 24 அன்று ஸ்காட்லாந்தின் மொஃபட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அங்கு ஒரு பள்ளிக்கூடத்தை நிறுவி நடத்தியவர். வின்செஸ்டர் கல்லூரியிலும் பிறகு வூலிச் ராணுவக் கல்லூரியிலும் படித்த டவுடிங், 1900இல் பீரங்கிப் படையில் அதிகாரியானார். ஜிப்ரால்டர், இலங்கை, ஹாங்காங் ஆகிய இடங்களில் பணியாற்றிவிட்டு இந்தியாவுக்கு வந்து மலைப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். ஆக, நம் பக்கத்துக் கடலும் மண்ணும் அவருக்குப் புதியவை அல்ல.

விமானம் என்பதே ஒரு வேடிக்கைப் பொருளாக இருந்த காலம் அது. 1913 டிசம்பரில் புரூக்லேண்ட்ஸில் பயிற்சி பெற்று விமானி உரிமத்தை வாங்கினார். அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் மூண்டதும் விமானப் படைக்கு அழைக்கப்பட்டார். 1915இல் ஒரு படையணிக்கே தலைவரானார்.

அவருடைய குணம் வெளிப்பட்ட முதல் நிகழ்வு 1916இல் நடந்தது. பிரான்சின் போர்முனையில் அவருக்குக் கீழிருந்த ஒரு படையணி கடும் இழப்பைச் சந்தித்தது. களைத்துப்போன இளைஞர்களுக்கு ஓய்வு கொடுத்துப் பின்னால் அனுப்ப வேண்டும் என்று மேலதிகாரி ஹியூ டிரென்சார்டிடம் டவுடிங் கேட்டார். டிரென்சார்ட் சம்மதித்தார். ஆனால் கேட்டவரைப் பற்றி அவர் மனத்தில் நல்லெண்ணம் மிஞ்சவில்லை. உறுதி குறைந்தவர், எப்போதும் முகம் வாடியிருப்பவர் என்று முத்திரை குத்தினார். சிறிது காலத்தில் டவுடிங் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்தப் போர் முடியும்வரை களத்தில் அவருக்கு மீண்டும் தலைமைப் பொறுப்பு தரப்படவில்லை.

தமக்குக் கீழிருப்பவர்களின் உயிருக்காகப் பேசினால் தமக்கு மேலிருப்பவர்களின் தயவு போய்விடும் என்பதை அவர் 34 வயதிலேயே தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகும் அவர் மாறவில்லை.

வீட்டிலும் சோதனை காத்திருந்தது. 1918இல் கிளாரிஸ் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு டெரெக் என்ற மகன் பிறந்தான். 1920இல் கிளாரிஸ் நோயுற்றுத் திடீரென இறந்துபோனார். மகனுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக டவுடிங் மறுமணம் செய்யவில்லை. சகோதரி ஹில்டா வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஏற்கெனவே குறைவாகப் பேசுபவர், இன்னும் ஒடுங்கிப்போனார். சக அதிகாரிகள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரே இறுக்கமானவர் என்ற பொருள் தருவது.

இராக்கின் வானம்

டவுடிங்கின் வாழ்வைப் பேசும் ஆங்கில நூல்களில் பல வேகமாகக் கடந்துபோகும் ஒரு பக்கம் உண்டு. நாம் அங்கே சற்று நிற்க வேண்டும்.

1920இல் இராக் மக்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அதை அடக்க ஏராளமான படையும் பணமும் செலவாயின. குறைந்த செலவில் நாட்டைப் பிடியில் வைக்க வழி தேடிய பிரிட்டன், 1921 கெய்ரோ மாநாட்டில் ஒரு முடிவுக்கு வந்தது. தரைப்படைக்குப் பதிலாக விமானப்படையிடம் இராக்கின் பாதுகாப்பை ஒப்படைப்பது என்பதே அந்த முடிவு. மறுஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. வரி கட்ட மறுத்த, ஆட்சிக்குக் கட்டுப்படாத கோத்திரங்களின் கிராமங்கள் மீது விமானங்கள் குண்டு வீசின. முன்கூட்டியே எச்சரிக்கைத் துண்டறிக்கைகள் போடப்பட்டதும் உண்டு. ஆனால் எச்சரித்துவிட்டு வீட்டை இடித்தாலும் இடிந்தது வீடுதான்.

அந்த இராக் கட்டளையகத்தில் 1924 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் தலைமைப் பணியாளர் அதிகாரியாக இருந்தவர் டவுடிங். பிறகு 1929இல் ஃபலஸ்தீனில் அரபுகளுக்கும் யூதர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தபோது, பாதுகாப்பு நிலைமையை ஆராய அங்கும் அனுப்பப்பட்டார். அவர் அனுப்பிய அறிக்கைகள் டிரென்சார்டுக்குப் பிடித்துப்போயின. பழைய கசப்பு குறைந்து, பதவி உயர்வுக்கான கதவு திறந்தது.

லண்டன் குழந்தைகளைக் காத்தவர் என்று ஒருவரைப் பாராட்டும்போது, பாதுகாப்பு அரண் ஏதுமில்லாத கிராமங்களின் மீது பறந்த ஒரு படையில் அவரும் பங்கு வகித்தார் என்பதை மறைக்கக் கூடாது. ஒரு மனிதரின் நன்மையைச் சொல்லும்போது மற்றதைச் சொல்லாமல் விடுவது நீதியும் ஆகாது, வரலாறும் ஆகாது. இரண்டையும் அருகருகே வைத்துத்தான் நாம் மேலே படிக்கிறோம்.

அவர் மறக்காத ஒரு கையெழுத்து

1930 செப்டம்பரில் விமானப்படையின் வழங்கல், ஆராய்ச்சித் துறைக்கு டவுடிங் பொறுப்பேற்றார். ஏற்ற சில வாரங்களில் ஆர்101 என்ற பிரமாண்டமான ஆகாயக் கப்பல் இந்தியாவை நோக்கிப் புறப்பட வேண்டியிருந்தது. கராச்சி வரை அதன் பயணம் திட்டமிடப்பட்டிருந்தது. விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபுவே அதில் பயணம் செய்ய விரும்பினார். நாள் குறித்தாகிவிட்டது. தேவையான சோதனைகள் முழுமையாக முடியவில்லை. நிபுணர்கள் சொன்னதை நம்பி, துறைக்குப் புதியவரான டவுடிங் அனுமதிக்குக் கையெழுத்திட்டார்.

அக்டோபர் 5ஆம் தேதி அதிகாலை பிரான்சின் போவே நகருக்கு அருகே ஆர்101 தரையில் மோதித் தீப்பற்றியது. அமைச்சர் உட்பட 48 பேர் மாண்டனர். அவசரத்துக்கு இடம்கொடுக்காமல் மேலும் சோதனைகளைத் தாம் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று டவுடிங் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

பத்து ஆண்டுகள் கழித்து அவர் ஒரு பிரதமரின் முன்னால் அமர்ந்து முடியாது என்று சொன்னதற்கு இந்த நிகழ்வும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. மேலிடத்து அவசரத்துக்குத் தலையாட்டினால் என்ன விலை என்பதை அவர் அறிந்திருந்தார்.

கண்ணும் காதும் கொண்ட கட்டளையகம்

1930களில் பிரிட்டனின் அரசியல்வாதிகளிடமும் ராணுவத்திடமும் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருந்தது. குண்டுவீச்சு விமானத்தை யாராலும் தடுக்க முடியாது, ஆகவே எதிரியின் நகரத்தை நாம் இன்னும் அதிகமாக அழிப்பதுதான் ஒரே வழி என்பதே அது. டவுடிங் இதை ஏற்கவில்லை. முதலில் நம் வீடு பத்திரமாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு என்பது அவர் நிலை.

1935இல் ராபர்ட் வாட்சன்-வாட் என்ற விஞ்ஞானி, வானொலி அலைகளைக் கொண்டு தொலைவில் வரும் விமானத்தைக் கண்டறியலாம் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். டவுடிங் காகிதத்தைப் பார்த்து மயங்கவில்லை. கண்ணெதிரே காட்டச் சொன்னார். பிப்ரவரி 26 அன்று டேவன்ட்ரி என்ற ஊருக்கு அருகே நடந்த சோதனையில், சுமார் 8 மைல் தொலைவில் பறந்த விமானத்தைக் கருவி கண்டுபிடித்தது. உடனே ஆய்வுக்குப் பணம் கிடைத்தது. அதுவே நாம் இன்று ராடார் என்று சொல்லும் கருவியின் போர்க்காலத் தொடக்கம். ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் ஆகிய புகழ்பெற்ற போர் விமானங்கள் உருவானதும் அவர் அந்தத் துறையில் இருந்த காலத்தில்தான்.

1936 ஜூலை 14 அன்று போர் விமானக் கட்டளையகம் தொடங்கப்பட்டது. லண்டனின் வடமேற்கே ஸ்டான்மோரில் உள்ள பென்ட்லி ப்ரயரி என்ற பழைய மாளிகை அதன் தலைமையகமானது. அங்கே டவுடிங் கட்டியமைத்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால்தான் அவர் யார் என்பது விளங்கும்.

கடலோரத்தில் ராடார் நிலையங்கள் வரிசையாக நின்றன. எதிரி கடலைக் கடக்கும்போதே அவை கண்டுகொள்ளும். ஆனால் அன்றைய ராடார் கடலை நோக்கித்தான் பார்க்கும். விமானம் கரையைத் தாண்டிவிட்டால் அதற்குக் கண் தெரியாது. அங்கிருந்து கண்காணிப்புப் படையின் வேலை. கடைக்காரர், விவசாயி, ஆசிரியர் போன்ற சாதாரண மக்கள் தொலைநோக்கியுடன் மேட்டில் நின்று, எத்தனை விமானம், எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

ராடார் செய்திகள் முதலில் பென்ட்லி ப்ரயரியின் ஓர் அறைக்கு வரும். ஒரே விமானக் கூட்டத்தை மூன்று நிலையங்கள் மூன்று விதமாகச் சொல்லியிருக்கலாம். அவற்றை ஒப்பிட்டு, பொய்யானதை நீக்கி, மெய்யானதை மட்டும் அடுத்த அறைக்கு அனுப்புவார்கள். அங்கே பெரிய மேசையில் விரித்த வரைபடத்தின் மீது விமானப்படைப் பெண்கள் நீண்ட கோல்களால் அடையாளக் கட்டைகளை நகர்த்துவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிறம் என்று கடிகாரத்தில் பிரித்து, செய்தி எவ்வளவு பழையது என்பதைக் கட்டையின் நிறத்திலேயே காட்டுவார்கள். பழைய செய்தியை நம்பி விமானிகளை அனுப்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

சரிபார்த்த செய்தி நான்கு பிரிவுகளுக்குப் போகும். லண்டனும் தென்கிழக்கு இங்கிலாந்தும் 11ஆம் பிரிவின் பொறுப்பு. அதன் தளபதி நியூசிலாந்துக்காரரான கீத் பார்க். அவர் அக்ஸ்பிரிட்ஜில் பூமிக்கடியில் இருந்த அறையிலிருந்து எந்தப் படையணி எப்போது எழ வேண்டும் என்று முடிவு செய்வார். ராடார் கண்டதிலிருந்து விமானங்கள் எழும்புவது வரை எல்லாம் சில நிமிடங்களில் முடியும். வானம் முழுவதும் எப்போதும் ரோந்து சுற்றி எரிபொருளையும் விமானிகளையும் தீர்க்க வேண்டியதில்லை. குறைந்த படையை வைத்துக்கொண்டு பெரிய படையை எதிர்கொள்ள முடிந்தது இதனால்தான்.

சின்ன விஷயங்களிலும் அவர் கவனம் இருந்தது. விமானியின் முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடி வேண்டும் என்று அவர் கேட்டபோது கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிகாகோவின் கொள்ளைக்காரர்கள் தங்கள் காரில் அதை வைத்துக்கொள்ள முடியும்போது தம் விமானிகளுக்கு ஏன் முடியாது என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தார்.

முடியாது என்று சொன்ன நாட்கள்

1940 மே 10 அன்று ஜெர்மனி மேற்கு ஐரோப்பாவுக்குள் பாய்ந்தது. அதே நாளில் சர்ச்சில் பிரதமரானார். சில நாட்களிலேயே பிரான்ஸ் ஆட்டம் கண்டது. மேலும் போர் விமானங்களை அனுப்புமாறு பிரான்சின் பிரதமர் கெஞ்சினார். நட்பு நாட்டைக் கைவிட்டோம் என்ற பழி வரக்கூடாது என்று சர்ச்சில் நினைத்தார். அது நியாயமான எண்ணமும்கூட.

ஆனால் டவுடிங்கின் கையில் கணக்கு இருந்தது. பிரிட்டனைக் காக்க 52 படையணிகள் தேவை என்பது அரசே ஒப்புக்கொண்ட எண்ணிக்கை. அது ஏற்கெனவே 36 படையணிகளுக்கு இணையாகச் சுருங்கிவிட்டிருந்தது. பிரான்சில் ஹரிகேன்கள் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தன. மே 15 அன்று போர் அமைச்சரவையின் முன் சென்று தம் வாதத்தை வைத்தார். மறுநாள் தம் நிலையை எழுத்தாகவே கொடுத்தார்.

அந்தக் கடிதம் உணர்ச்சியில்லாத எளிய நடையில் எழுதப்பட்டது. நாட்டைக் காக்க எத்தனை படையணிகள் மிஞ்ச வேண்டும் என்று அரசு முடிவு செய்து தமக்கு எழுத்தில் தர வேண்டும், அந்த எண்ணிக்கை எட்டியதும் எவ்வளவு அவசரமான வேண்டுகோள் வந்தாலும் ஒரு விமானமும் கடல் தாண்டக் கூடாது என்று கேட்டார். போதுமான படை உள்நாட்டில் இருந்தால் பிரிட்டன் தனியாகவேனும் போரைத் தொடர முடியும். பிரான்சைக் காக்கும் முயற்சியில் அதையும் கரைத்துவிட்டால் இரண்டு நாடுகளும் ஒன்றாகத் தோற்கும் என்பது அதன் சாரம்.

அதன் பிறகும் சில படையணிகள் போகத்தான் செய்தன. ஆனால் மிச்சம் காப்பாற்றப்பட்டது. ஜூன் மாதம் பிரான்ஸ் வீழ்ந்தபோது, கால்வாயின் இந்தப் பக்கம் லண்டனைக் காக்க ஒரு படை இன்னும் இருந்தது.

கொடுப்பதற்குத் தாராள மனம் வேண்டும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் நம்மிடம் இருப்பது நம்முடையதல்ல, பிறரின் அமானிதம் என்றால், கொடுக்காமல் இருப்பதற்குத்தான் அதிக நெஞ்சுரம் தேவைப்படுகிறது.

அந்தக் கோடைக்காலம்

பிரிட்டன் வான்போர் 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்ததாகக் கணக்கிடப்படுகிறது. முதலில் கப்பல்களையும், பிறகு விமானத் தளங்களையும் ஜெர்மனி தாக்கியது. டவுடிங்கின் படையில் பறந்தவர்கள் சுமார் 2,900 பேர். பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள். போலந்து, நியூசிலாந்து, கனடா, செக்கோஸ்லோவாக்கியா என்று பல நாட்டவர் இருந்தனர். போலந்துக்காரர்களைச் சேர்ப்பதில் முதலில் தயங்கிய டவுடிங், அவர்களின் வீரத்தைக் கண்டபின் வெளிப்படையாகப் பாராட்டினார். அவருடைய மகன் டெரெக்கும் அந்த விமானிகளில் ஒருவர். மற்ற தந்தைகளைப் போலவே அவரும் தினமும் இழப்புப் பட்டியலைப் பார்க்க வேண்டியிருந்தது. டெரெக் உயிர் தப்பினார். 544 பேர் தப்பவில்லை.

நம் நாட்டின் பணமும் அந்த வானத்தில் பறந்தது. 152, 253 என்ற எண்கள் கொண்ட படையணிகள் ஹைதராபாத் நிஜாமின் நன்கொடையால் ஹைதராபாத் என்ற பெயரைத் தாங்கின. 152ஆம் படையணியின் சின்னத்திலேயே நிஜாமின் தலைப்பாகை இடம்பெற்றது. 79ஆம் படையணி சென்னை மாகாணத்தின் பெயரைப் பெற்றது. அடிமைப்பட்ட நாட்டின் செல்வம் ஆள்பவரின் தலைநகரைக் காத்த விசித்திரம் அது.

செப்டம்பர் 7 மாலை ஜெர்மனி தன் இலக்கை மாற்றி லண்டனையே தாக்கியது. கிழக்கு லண்டனின் துறைமுகக் கிடங்குகள் பற்றி எரிந்தன. அன்று முதல் தொடர்ந்து 57 இரவுகள் அந்த நகரம் குண்டு மழையில் நனைந்தது. துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் ஏழை ஆங்கிலேயர், யூதர், அயர்லாந்துக்காரர்களுடன், கப்பலில் வேலை செய்த சில்ஹெட் முதலான பகுதிகளின் முஸ்லிம் மாலுமிகளும் வாழ்ந்தார்கள். குண்டுக்கு மதம் தெரியாது. அந்தக் காலத்தில்தான் அங்கே கமர்ஷியல் சாலையில் வாங்கப்பட்ட சில வீடுகள், 1941 ஆகஸ்டில் கிழக்கு லண்டன் பள்ளிவாசலாகத் திறக்கப்பட்டன.

ஆயினும் லண்டன் மீதான அந்தத் தாக்குதல், அடிபட்டுக்கிடந்த விமானத் தளங்களுக்கு மூச்சு விடும் இடைவெளி தந்தது. செப்டம்பர் 15 அன்று இரண்டு பெரும் அலைகளாக வந்த ஜெர்மானிய விமானங்களைப் பார்க்கின் படையணிகளும் உதவிக்கு வந்த மற்றப் பிரிவினரும் சிதறடித்தார்கள். அன்று 185 விமானங்கள் வீழ்த்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. உண்மையில் அது சுமார் 60. ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது. இரண்டு நாட்களில் பிரிட்டன் மீதான படையெடுப்பை ஹிட்லர் காலவரையின்றித் தள்ளிவைத்தார்.

கிடைத்த நன்றி

வென்ற தளபதிக்கு மாலை சூட்டுவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு.

12ஆம் பிரிவின் தளபதி லீ-மலோரி, பல படையணிகளை ஒன்றுசேர்த்துப் பெருங்கூட்டமாக அனுப்ப வேண்டும் என்று வாதிட்டார். அவ்வளவு விமானங்களை ஒன்றுதிரட்டுவதற்குள் எதிரி குண்டு வீசிவிட்டுப் போய்விடுவான் என்பது பார்க்கின் அனுபவம். தம் தளபதிகள் இருவருக்கும் இடையே முற்றிய இந்தச் சண்டையை டவுடிங் உரிய நேரத்தில் தீர்த்துவைக்கவில்லை. அது அவருடைய குறை. அக்டோபர் 17 அன்று விமானத்துறை அமைச்சகத்தில் கூடிய கூட்டத்தில் டவுடிங்கும் பார்க்கும் குற்றவாளிகளைப் போல விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இரவுத் தாக்குதலைத் தடுக்க முடியவில்லை என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. விமானத்திலேயே பொருத்தும் ராடார் இல்லாமல் இரவில் தேடுவது வீண் என்று அவர் சொல்லிவந்தார். நவம்பர் 14 இரவு கவென்ட்ரி நகரம் அழிக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று டவுடிங் பதவியை ஒப்படைத்தார். அவர் சொன்ன அந்தக் கருவி தன் பலனைக் காட்டத் தொடங்கியதும் அதே மாதத்தில்தான்.

அந்த அக்டோபரில் இன்னொரு முடிவும் லண்டனில் எடுக்கப்பட்டது. 24ஆம் தேதி, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில், தலைநகரில் பள்ளிவாசலுக்கான இடம் வாங்க ஒரு லட்சம் பவுன் வரை செலவிடச் சர்ச்சிலின் போர் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இன்று ரீஜண்ட்ஸ் பூங்காவில் பொன்னிறக் குவிமாடத்துடன் நிற்கும் பள்ளிவாசலின் தொடக்கம் அது. ஆட்சியிலிருந்த கோடிக்கணக்கான முஸ்லிம்களின் ஆதரவு தேவை என்ற அரசியல் கணக்கு அதன் பின்னால் இருந்தது. அப்படி இருந்தும், அந்த முடிவு நிறைவேற ஒரு லண்டன் மிஞ்சியிருந்ததில் டவுடிங்கின் பங்கும் உண்டு.

1941இல் அரசு இந்தப் போரைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டது. லட்சக்கணக்கில் விற்ற அந்த நூலில் டவுடிங்கின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. இதைக் கண்டு சர்ச்சிலே கோபப்பட்டார். விமானப்படையின் மிக உயர்ந்த பதவியும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1942இல் ஓய்வு பெற்றார். மறுஆண்டு பிரபு பட்டம் மட்டும் கிடைத்தது.

மீதமிருந்த வாழ்வு

ஓய்வுக்குப் பின் டவுடிங் ஆவிகளுடன் பேசும் நம்பிக்கையில் ஈடுபட்டார். இறந்துபோன விமானிகள் தம்முடன் பேசுவதாக நம்பி நூல்களும் எழுதினார். இந்த நம்பிக்கை நம் மார்க்கத்துக்கு உடன்பாடானது அல்ல. எனினும் அதைக் கேலி செய்யவும் நமக்கு மனம் வரவில்லை. தாம் அனுப்பித் திரும்பி வராத இளைஞர்களை மறக்க முடியாத ஒரு முதியவரின் துயரம் அதில் தெரிகிறது.

1951இல் மியூரியல் என்ற பெண்ணை மறுமணம் செய்தார். குண்டுவீச்சு விமானத்தில் பணியாற்றிப் போரில் மறைந்த ஒருவரின் விதவை அவர். இருவரும் விலங்குகளின் நலனுக்காகப் பாடுபட்டார்கள். டவுடிங் இறைச்சி உண்பதை விட்டார். விலங்குகள் மீதான சோதனைகளின் கொடுமை பற்றிப் பிரபுக்கள் சபையில் பேசினார். 1970 பிப்ரவரி 15 அன்று 87 வயதில் மறைந்தார். அவரது அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. 1988இல் லண்டனின் ஸ்ட்ராண்ட் சாலையில் சிலை எழுந்தது. பதவியிலிருந்து இறங்கி 48 ஆண்டுகள் கழித்து வந்த மரியாதை அது.

நமக்குரிய பாடம்

ஜமாஅத் நிர்வாகமோ, அறக்கட்டளைப் பணமோ, ஒரு யதீமின் சொத்தோ, பள்ளிக்கூடப் பொறுப்போ, நம்மில் பலரின் கையில் ஏதோ ஒரு அமானிதம் இருக்கிறது. அதைக் கேட்டு வருபவர் பெரும்பாலும் கெட்டவராக இருப்பதில்லை. நல்ல நோக்கத்துடன், அவசரத்துடன், உரிமையுடன் கேட்பார். மறுத்தால் உறவு கெடும், பதவி போகும். டவுடிங்குக்கும் அப்படித்தான் நேர்ந்தது. அவரிடம் இருந்த பெரிய பலம் கோபமோ பேச்சுத்திறமையோ அல்ல. கையில் கணக்கு இருந்தது, அதை எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது, யாருக்காகக் காக்கிறோம் என்ற நினைவு இருந்தது.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். லண்டனுக்கு ஒரு டவுடிங் இருந்தார், ராடார் இருந்தது, எச்சரிக்கை மணி ஒலித்தது, ஓடி ஒளியப் பதுங்கிடம் இருந்தது. அப்படியும் போர்க்கால வான் தாக்குதல்களில் பிரிட்டனில் 40,000க்கும் அதிகமான பொதுமக்கள் மாண்டனர். 1920களின் இராக் கிராமங்களுக்கு இவை எதுவுமே இல்லை. தன் தலைநகரின் வானத்தைக் காப்பது எவ்வளவு உயர்ந்த கடமையோ, பிறர் வீட்டின் மீது தன் விமானம் குண்டு வீசாமல் இருப்பதும் அவ்வளவு உயர்ந்த கடமை. முதல் கடமையில் டவுடிங் பலரை விட உயர்ந்து நின்றார். இரண்டாவதை அவர் பணியாற்றிய பேரரசு அவரிடம் கேட்கவேயில்லை. அவர் வாழ்வைப் படிக்கும் நம் பிள்ளைகளிடம் நாம் இரண்டையும் சேர்த்தே எதிர்பார்க்க வேண்டும்.